வீடு அலுவலகமானபோது மென்பொருள் குழுக்கள் கற்ற பாடம்

(அறக்கட்டளையின் கல்விப் பிரிவு, கல்லூரி இறுதியாண்டு மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வீட்டிலிருந்தே செய்கிற கம்ப்யூட்டர் வேலை" என்ற பேச்சு 2020-க்கு முன்பு நம் ஊரில் அதிகம் புழங்கியதில்லை. இப்போது சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூட அது வந்துவிட்டது. கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க வரும் பெற்றோர் பலரும், மகளுக்கு அப்படியொரு வேலை கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். பஸ் அலைச்சல் இல்லை, ஹாஸ்டல் செலவு இல்லை, பிள்ளை கண்ணெதிரே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. பொதுமுடக்கத்தின்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பி, மாடி அறையிலும் திண்ணையிலும் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்த நம் பிள்ளைகளிடம் கேட்டறிந்ததையும், அதன்பின் வெளிவந்த ஆய்வுகளில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்கள் நாடு முழுவதும் பொதுமுடக்கம் என்றார். ஜவுளிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார், வியாபாரம் நின்றது. மென்பொருள் நிறுவனம் அப்படி நிற்க முடியாது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு குழு, அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு முறையைப் பராமரிக்கும். இன்னொரு குழு ஐரோப்பாவில் ஒரு வங்கியின் பணப் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே யாரும் வேலைக்கு வராவிட்டால், அங்கே ஒரு முதியவரின் ஓய்வூதியம் போய்ச் சேராது.

எந்திரங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றும். அதற்கே பல தடைகள் இருந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலை நடக்கும் அரங்குகள் பலவும் பூட்டிய அறைகள்தான். அடையாள அட்டை இல்லாமல் கதவு திறக்காது. சில இடங்களில் செல்போனையும் பென் டிரைவையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தகவல் வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகளும் இருந்தன. 2020 மார்ச் 13 அன்று அத்துறை அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் பெரும்பாலானவற்றை நீக்கியே விட்டது.

நிறுவனங்கள் வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொன்றாக அனுமதி வாங்கின. லேப்டாப் போதாத இடங்களில், மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரையே காரில் ஏற்றி ஊழியர் வீட்டுக்கு அனுப்பின. டேட்டா கார்டு கொடுத்தன. பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட தனிப்பாதை ஒன்று உண்டு. அதை விபிஎன் என்பார்கள். சிலரே பயன்படுத்திவந்த அந்தப் பாதையில் திடீரென்று எல்லோரும் நுழைந்தபோது நெரிசல் ஏற்பட்டது. அதையும் சில வாரங்களில் அகலப்படுத்தினார்கள். ஜூம் செயலியின் கூட்டங்களில் ஒரு நாளில் கலந்துகொள்வோர் எண்ணிக்கை 2019 டிசம்பரில் சுமார் 1 கோடியாக இருந்தது. 2020 மார்ச்சில் 20 கோடியைத் தாண்டியது. அந்த வேகத்தில்தான் எல்லாம் நடந்தன.

அந்த உற்சாகத்தில், அப்போது சுமார் நாலரை லட்சம் ஊழியர்களைக் கொண்டிருந்த டிசிஎஸ் நிறுவனம், 2025-க்குள் தன் ஊழியர்களில் நூற்றுக்கு 25 பேர் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. அதே நிறுவனம் 2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. மூன்றரை ஆண்டுகளில் ஏன் இந்த மாற்றம்? காரணங்கள் பல இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு முக்கியமாகத் தோன்றிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்திரம் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை செய்யும் முறை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

மென்பொருள் என்பது ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதும் கடிதம் போன்றது என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கட்டடம் கட்டுவது போன்றது அது. ஒருவர் சுவரை நகர்த்தினால் மற்றவரின் கதவு இடிக்கும். எனவே ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான குழுக்கள் அந்த வழியில் நடப்பதாகவே சொல்லிக்கொள்கின்றன. ஒரு குழுவுக்குள் செய்தியைப் பகிர நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்பது அவர்கள் வகுத்த நெறிகளில் ஒன்று. தினமும் காலையில் கால்மணி நேரம் நின்றபடியே பேசிக் கலையும் 'ஸ்டாண்ட்-அப்' கூட்டமும் இந்த மரபில் பரவியதுதான். பொதுமுடக்கம் இந்த அடித்தளத்தையே உருவிவிட்டது.

ஆனால் ஒரே அறையில் சந்திக்காமலே பெரிய மென்பொருளை உருவாக்கியவர்களும் முன்பே இருந்தார்கள். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்கள் மின்னஞ்சலில் எழுதி எழுதி வளர்த்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் அதுதான். அவரே 2005-ல் உருவாக்கிய 'கிட்' என்ற கருவி, நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்று பதிந்து வைக்கும். கிட்லேப் என்ற நிறுவனம் பொதுமுடக்கத்துக்கு வெகு முன்பே, ஊழியர் அனைவரும் அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முறையில் இயங்கியது. தன் வேலை முறை முழுவதையும் ஒரு கையேடாக எழுதி உலகுக்கே திறந்து வைத்திருக்கிறது.

இவர்கள் எல்லோரும் கண்டுகொண்ட உண்மை ஒன்றே. பக்கத்தில் ஆள் இல்லாதபோது பேச்சு எழுத்தாக வேண்டும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பியின் குழுவில் ஒன்பது பேர். பொதுமுடக்கத்தில் அவர்கள் ஐந்து ஊர்களில் இருந்தார்கள். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பி, "அண்ணே, இதை ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால் போதும். ஏப்ரலில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. போன் செய்தால் அவர் வேறொரு கூட்டத்தில் இருப்பார். முதல் மாதம் முழுக்க ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே போயிற்று என்கிறார் தம்பி.

பிறகு அந்தக் குழு சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டது. காலைக் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதிவிட வேண்டும்: நேற்று முடித்தது, இன்று செய்யப்போவது, எங்கே சிக்கி நிற்கிறேன் என்பது. கூட்டத்தில் மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். போனில் முடிவான எதையும் அன்றே பொதுப் பக்கத்தில் எழுதினால்தான் அது முடிவு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்து, குறைகளை எழுதி, ஒப்புதல் தந்த பிறகே அது முதன்மை நிரலோடு சேரும். இது முன்பும் இருந்த விதிதான்; ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், பார்த்ததாகச் சொல்லிக் கடந்துவிடுவார்களாம். பதினொன்று முதல் மூன்று வரை எல்லோரும் கிடைக்க வேண்டும். மற்ற நேரத்தை அவரவர் வீட்டு நிலைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மின்சாரம் போனால் யாருடைய வேலையை யார் தொடர்வது என்பதைக்கூட எழுதி வைத்தார்கள்.

இப்படி மாறாத குழுக்கள் என்ன செய்தன? நாற்காலியைத் திருப்பிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வீடியோ கூட்டமாக்கின. ஆசியாவின் ஒரு பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனத்தில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பணிப் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியானது. வீட்டிலிருந்தவர்களின் வேலை நேரம் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. முடிந்த வேலையின் அளவோ ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. கூட்டங்களுக்கும் ஒருங்கிணைப்புக்கும் போன நேரம் பெருகி, இடையூறில்லாமல் வேலை பார்க்கக் கிடைத்த நேரம் சுருங்கியிருந்தது. மேலதிகாரி தனியே உட்கார்ந்து வழிகாட்டும் நேரமும் குறைந்திருந்தது. ஒரு மணி நேர உழைப்பின் பலன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்ததாகத் திருத்திய ஆய்வு சொல்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் உழைத்தார்கள்; அவர்களுக்குத்தான் இழப்பும் கூடுதல்.

பெற்றோர் இதை மனத்தில் வாங்க வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறான், ஜாலி" என்று நாம் சொன்ன நாட்களில், அவன் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து இரவு பதினொன்றுக்கு எழுந்திருக்கிறான்.

இன்னொரு வகைச் சோதனையும் சில இடங்களில் நடந்தது. ஊழியர் கண்ணுக்குத் தெரியாததால், அவர் வேலை பார்க்கிறாரா என்று கண்காணிக்கும் மென்பொருளை நிறுவினார்கள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறார், மஞ்சளானால் இல்லை. விளைவு, பச்சைப் புள்ளியை அணையாமல் காப்பதே ஒரு வேலையாயிற்று. தொழுகைக்கு எழுந்தவரும், குழந்தைக்குச் சோறூட்டப் போனவரும் திரும்பி வந்து மவுஸை அசைத்துவிட்டுப் போனார்கள். நல்ல குழுத் தலைவர்களோ, இந்த வாரம் எது முடிய வேண்டும் என்று தெளிவாகப் பேசி ஒப்படைத்தார்கள். வாரக் கடைசியில் அதை மட்டும் கேட்டார்கள். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதாகாது. எதைக் கணக்குக் கேட்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் அது.

மாணவர்களே, இனிச் சொல்லப்போவது உங்களுக்கு.

பொதுமுடக்கத்தில் பழைய குழுக்கள் எப்படியோ சமாளித்தன. ஒருவரை ஒருவர் முன்பே அறிந்திருந்தார்கள். யாருக்கு என்ன தெரியும் என்று தெரியும். அந்தப் பழைய அறிமுகத்தை வைத்து ஓட்டினார்கள். சிரமப்பட்டவர்கள் புதியவர்கள். அலுவலக வாசலைப் பார்க்காமலே, கூரியரில் வந்த லேப்டாப்பைத் திறந்து வேலையில் சேர்ந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களில் ஒரு தங்கை சொன்னார்: "கேட்டால் தப்பா நினைப்பாங்களோன்னு ரெண்டு நாள் ஒரே பிழையோட மல்லுக்கட்டினேன் மாமா. கடைசியில் ஒரு அக்கா ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, பத்து நிமிஷத்தில் காட்டிக் கொடுத்தாங்க." அலுவலகத்தில் அவர் முகத்தைப் பார்த்தே யாராவது கேட்டிருப்பார்கள். வீட்டில் அந்த முகம் யாருக்கும் தெரியவில்லை.

இது ஒருவர் அனுபவம் மட்டுமல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர் 61,182 பேரின் 2020 முதல் பாதித் தகவல் தொடர்புகளை ஆராய்ந்து 2021 செப்டம்பரில் ஒரு கட்டுரை வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அவரவர் தம் நெருங்கிய வட்டத்துக்குள் சுருங்கினார்கள். வேறு குழுக்களோடு இருந்த பாலங்கள் குறைந்தன. புதிய தொடர்புகள் உருவாவது மந்தமானது என்று அது கண்டது. வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. இனிமேல்தான் நுழைய வேண்டியவருக்குக் கதவு பாதி மூடியதாகிவிடுகிறது.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிதாபு கையில் இருந்தாலும் உஸ்தாதின் முன் உட்கார்ந்து ஓதினால்தான் நாவு திருந்தும். எந்தக் கைத்தொழிலும் அப்படித்தான்.

எனவே உங்களுக்கு என் முதல் யோசனை: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, இயன்றவரை மூத்தவர்கள் பக்கத்தில் இருக்கும் வேலையைத் தேடுங்கள். சம்பளத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டிலிருந்து பார்க்கும் வேலைதான் அமைகிறது என்றால், நேர்காணலிலேயே நீங்கள் கேளுங்கள்: எனக்குக் கற்றுத்தரும் பொறுப்பு யாருக்கு? என் நிரலை வாசித்துத் திருத்துபவர் யார்? வாரத்தில் எத்தனை முறை அவரோடு தனியே பேச முடியும்? பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் சேர்வதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

இரண்டாவது யோசனை: எழுதப் பழகுங்கள். "சார், ஒர்க் ஆகல" என்று அனுப்பினால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதையெல்லாம் முயன்று பார்த்தேன் என்று நான்கு வரி தெளிவாக எழுதுகிறவருக்கு உதவி சீக்கிரம் கிடைக்கும். அரை மணி நேரம் முயன்றும் வழி தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்பது குறையல்ல.

தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் பங்குக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலையே திறந்திருக்கும் ஒரே வாசல். திருமணமாகிக் குழந்தை பெற்று வேலையை விட்ட சிலர், பொதுமுடக்கம் காட்டிய வழியால்தான் திரும்பவும் சம்பாதிக்கிறார்கள். அந்த வாசலை மூட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேலை உள்ளே வருவதற்கு வீடு இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவள் ஹெட்செட் மாட்டியிருக்கும்போது "ஒரு டீ போட்டுட்டுப் போம்மா" என்று கூப்பிடுகிறோம். வந்த விருந்தாளியைக் கவனிக்கவில்லை என்று கோபிக்கிறோம். அதே நேரத்தில் மகன் கூட்டத்தில் இருந்தால் குக்கர் விசிலைக்கூட அடக்குகிறோம். இருவர் செய்வதும் வேலைதானே? சாத்துவதற்கு ஒரு கதவு, நிமிர்ந்து உட்கார ஒரு மேசை நாற்காலி, தடையில்லாத நான்கு மணி நேரம், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவை இல்லாமல் மகளோ மருமகளோ வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அவளை இரண்டு வேலைக்கு வைத்து ஒன்றை மட்டும் கணக்கில் எடுப்பதாகும்.

வீடு, பெருநகரம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. ஸோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் நடத்துகிறது. பொதுமுடக்கத்துக்குப் பின் சிற்றூர்களிலும் சிறிய அலுவலகங்களைத் திறந்தது. சொந்த ஊரை விட்டுப் போகாமலே, சக ஊழியர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

நம்மால் நிறுவனம் தொடங்க முடியாது. ஓர் அறையைத் திறக்க முடியும். நூலக மாடியில் எட்டு மேசைகளும், அதிவேக இணைய இணைப்பும், இன்வெர்ட்டரும் கொண்ட பணிக்கூடம் ஒன்றை அமைக்க நிர்வாகக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது. காலை ஒன்பது முதல் பகல் இரண்டு வரை பெண்களுக்கு. அதன்பின் இரவு எட்டு வரை ஆண்களுக்கு. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு முன்னுரிமை. கட்டணம் இல்லை.

மேசையும் இணையமும் போதாது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பேசினோம். ஆகவே இங்கே வந்திருக்கும் அனுபவமுள்ள பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் சென்னையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் சரி, வாரம் ஒரு மணி நேரம், நம் ஊரிலிருந்து புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பிள்ளைக்குத் தாருங்கள். அவரவர் நிறுவனத்தின் நிரலைக் காட்டக் கூடாது. பயிற்சிக்காக எழுதியதைக் காட்டட்டும். அதை வாசியுங்கள், திருத்துங்கள், கேட்கத் தயங்குவதைக் கேட்க வையுங்கள். பணம் தருவோர் நம்மிடம் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது நமக்கு வேண்டியது உங்கள் ஒரு மணி நேரம்.

பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலருகே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பெயரோடு, எந்தக் கிழமை எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அதைப் பார்த்து, பணிக்கூடம் திறக்கும் நாளுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.